மூன்றுகால் யானைக் காசும் பூனையின் பதக்கமும்

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அது இப்போது வராது. கதையில் வருகிற நீர்நாயே அந்தச் சிரிப்பை ஒரு பகலும் மறுநாள் காலையும் வாய்க்குள் அடக்கி வைத்திருந்தாள். அவளே பொறுத்தாள், நீங்கள் பொறுக்க மாட்டீர்களா?

அந்த நீர்நாயின் பெயர் பவளாயி. காட்டோரத்துக் குளக்கரையில், ஒரு மருத மரத்தின் வேர்ப் பொந்தில் குடியிருந்தாள். மற்ற நீர்நாய்கள் குளத்தில் முங்கினால் மீனோடு எழும். பவளாயி முங்கினால் மீனும் வரும், காசும் வரும்.

எதிர்க்கரையில் மனிதர்களின் ஊர். திருவிழா வந்தால் சனங்கள் எதையாவது வேண்டிக்கொண்டு குளத்தில் காசு எறிவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓட்டப் பந்தயம் முடிந்து முகம் கழுவக் குனிவார்கள். கழுத்துப் பதக்கம் நழுவிப் ‘ப்ளக்’ என்று விழும். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும். பவளாயி வாலை ஆட்டிக்கொண்டு முங்குவாள்.

அவள் பொந்துக்குள் எட்டிப் பார்த்தால் கண் விரியும். சப்பைக் கல்லின் மேல் தாமரை இலை, இலையின் மேல் வரிசையாகக் காசுகள். நடுவில் ஓட்டை உள்ள காலணா. விளிம்பு அலை அலையாக நெளிந்த பத்து பைசா. சதுரமான அஞ்சு பைசா. இன்னோர் இலையில் பதக்கங்கள். ஒன்றில் ஒரு பையன் ஓடிக்கொண்டே இருப்பான். ஒன்றில் கபடிக்காரன் கோட்டைத் தொடக் கையை நீட்டியபடியே நிற்பான், பாவம், இன்னும் தொட்டபாடில்லை. காசிலும் சேராமல் பதக்கத்திலும் சேராமல் கிடந்த சாமான்களைப் பவளாயி ஒரு மூலையில் தனியாக வைத்திருந்தாள்.

எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது யானைக் காசு. செம்புக் காசு. எந்தக் காலத்து ராஜாவோ போட்டது. தண்ணீருக்குள் கிடந்து கிடந்து கருத்து, அங்கங்கே பச்சை பூத்திருந்தது. அச்சு அடித்தவனின் கை கொஞ்சம் நழுவிவிட்டது போல. யானையின் ஒரு கால் காசுக்கு வெளியே போய்விட்டது. மிச்சம் மூன்று காலோடு அந்த யானை ஜம்மென்று நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் பவளாயிக்கு அதன் மேல் உயிர். இது மாதிரி இன்னொன்று உலகத்திலேயே கிடையாது என்பாள்.

அவளிடம் சில சட்டங்கள் உண்டு. காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். முகத்தில் நகம் படக் கூடாது. பழைய காசைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் அழுக்கோடு யானையும் போய்விடும். முக்கியமான சட்டம், எதைக் கையில் எடுத்தாலும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, விளிம்பைச் சுற்றி ஒரு தடவை பார்க்காமல் கீழே வைக்கக் கூடாது.

இத்தனை சட்டம் வைத்திருந்தவள் தன் வாய்க்கு மட்டும் ஒரு சட்டமும் வைக்கவில்லை. பொருள் சேர்ப்பவர்களுக்கே உள்ள வியாதி அது. யார் வந்தாலும் உள்ளே இழுத்துக் காட்டுவாள். காட்டி முடித்ததும், “இத்தனையும் ஒரு பக்கம், இந்த ஒரு காசு ஒரு பக்கம்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வாள். தாழ்த்திச் சொன்னதைத்தான் எல்லாரும் உரக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அது வேங்கையப்பன் காதுக்குப் போனது.

வேங்கையப்பன் ஒரு காட்டுப்பூனை. ஆனால் அவனைப் பூனை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மலைமேல் இருக்கும் புலி தனக்குப் பெரியப்பா முறை என்பான். அந்தப் புலியை அங்கே யாரும் பார்த்ததில்லை. பார்க்காத வரைக்கும் பயம்தானே? அதை வைத்தே அவன் பிழைப்பு ஓடியது. முயலிடம் கிழங்கு கேட்பான். கொடுக்காவிட்டால், “பெரியப்பாவிடம் சொல்லட்டுமா?” என்பான். அவனுக்கு உலகத்திலேயே பிடிக்காத சாதி ஒன்று உண்டென்றால் அது நாய். நாய் என்ற சொல் காதில் விழுந்தாலே முதுகு மயிர் சிலிர்த்துக்கொள்ளும். பவளாயியின் பெயரோடு நாய் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்காகவே அவளை ஏளனம் செய்வான்.

மறுநாள் காலை குளத்துப் படித்துறையில் விலங்குகள் எல்லாம் கூடப் போகின்றன. கோடைக்குப் படித்துறைக் காவல் யாருக்கு என்று முடிவாகும். அந்த இடத்தில் கழுத்தில் ஏதாவது மின்னினால் யார் வாயைத் திறப்பார்கள்? வேங்கையப்பனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நேரே மருத மரத்துக்கு வந்தான்.

“என்ன நாயம்மா, சௌக்கியமா?” என்றான்.

பவளாயி பொந்து வாசலில் ஈரத்தை உதறிக்கொண்டிருந்தாள். சௌக்கியம் என்று சொல்வதற்குள் அவன் விஷயத்துக்கு வந்துவிட்டான். மலைமேல் இருந்து பெரியப்பா ஆள் அனுப்பியிருக்கிறாராம். குளத்தில் எடுத்ததில் எது உசத்தியோ அதைத் தன் மருமகப்பிள்ளை கழுத்தில் மாட்டச் சொல்லியிருக்கிறாராம். பெரியப்பாவுக்கு அவன் எப்படி மருமகப்பிள்ளை ஆனான் என்று கேட்கப் பவளாயிக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அவன் நகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

“அந்த ஒரு காசை எடு. ஒரு ஓட்டையைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கிறேன்” என்றான்.

“ஓட்டையா?”

“பின்னே, ஒட்டவா முடியும்? மணலில் போட்டு நாலு தேய் தேய்த்தால் பளபளன்னு ஆகிடும்.”

ஓட்டை எங்கே விழும் என்று பவளாயிக்குத் தெரியும். சரியாக யானையின் கண்ணில் விழும். தேய்க்கிற தேயில் மிச்சம் உள்ள மூன்று காலும் போய்விடும். அவன் கண்ணோ ஓட்டைக் காலணாவைப் பார்த்துவிட்டது. இதில் மட்டும் ஓட்டை போட்டிருக்கிறாயே என்று கேட்டான். அது பிறக்கும்போதே ஓட்டையோடு பிறந்தது என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அவன் காதில் ஏறவில்லை. கொடுக்கிறாயா, பொந்தை மொத்தமாகக் கலைத்துவிடட்டுமா என்று முன்காலைத் தூக்கினான்.

பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் வேறு எதையாவது நீட்டியிருப்பாள். பவளாயிக்குத் தன் காசுகளைப் பற்றிப் பொய் சொல்லவே வராது. யானைக் காசை விளிம்பில் பிடித்து எடுத்தாள்.

“இதுதான்” என்றாள்.

வேங்கையப்பன் பார்த்தான். மூக்கைச் சுளித்தான். கறுப்பாக, பச்சையாக, வளைந்து, நெளிந்து... இதுவா?

அப்போதுதான் பக்கத்துத் தாழம்புதருக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது.

“ஏலே, அந்தப் பூனைப்பய பொந்து வாசல்ல நிக்கானாம்லா” என்று கட்டைக் குரலில் காட்டுப்பன்றி கேட்டது. “நட்சத்திரத்தத் தூக்கிட்டுப் போயிருவானோ?”

“பொறு... பொறு...” என்று நீட்டி முழக்கியது கொக்குப் பெரியவரின் குரல். “பதற்றம் கூடாது. பவளாயி கெட்டிக்காரி. அந்தக் கறுப்புக் காசைக் காட்டி... அவனை... அனுப்பிவிடுவாள்.”

“ஐயோ, அந்த நட்சத்திரம் மட்டும் என் கழுத்துல இருந்தா!” என்று கீச்சிட்டது மயில். “என் தோகையை யாருமே பார்க்க மாட்டாங்க.”

வேங்கையப்பனின் இரண்டு காதும் புதர்ப் பக்கம் திரும்பின. மீசை மெல்ல மேலே போனது.

பவளாயிக்கு ஒன்றும் புரியவில்லை. நட்சத்திரமா? எந்த நட்சத்திரம்? தற்செயலாகக் குளத்தைப் பார்த்தாள். பூனையின் முதுகுக்குப் பின்னால், குளத்து ஓரத் தண்ணீரில், கொக்குப் பெரியவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். அவர் அலகில் குறுக்காக ஒரு கெண்டை மீன் துள்ளிக்கொண்டிருந்தது. வாயில் மீனை வைத்துக்கொண்டு புதருக்குள் யார் பேசுவார்கள்?

மசியான்!

மசியான் ஒரு கரிச்சான் குருவி. இரட்டை வாலும் மை போன்ற உடம்பும் உள்ளவன். அதே மருத மரத்தின் மேல்கிளையில் கூடு. அவனுக்கு வராத குரலே கிடையாது. ஒரு தடவை கீரியின் மாமியார் குரலில் கூப்பிட்டுக் கீரியைக் குளத்துக்கு மூன்று சுற்று ஓடவிட்டவன். இன்றைக்குத் தாழம்புதருக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு ஒரு கூட்டமே நடத்திக்கொண்டிருந்தான்.

பவளாயிக்கு அந்த நட்சத்திரம் எது என்பதும் இப்போது விளங்கிவிட்டது. மூலையில் தனியாகக் கிடந்த சாமான்களில் ஒன்று அது. பித்தளை வில்லை. முன்பக்கம் அழகான நட்சத்திரம், அதைச் சுற்றி ஓர் இலைக்கொடி. ஊரிலிருந்து வந்த ஒரு நாய் குளத்தில் நீந்தியபோது அதன் கழுத்துப் பட்டையிலிருந்து கழன்று விழுந்தது. வெறிநோய்க்கு ஊசி போட்ட நாய்க்கெல்லாம் ஊர்க்காரர்கள் மாட்டிவிடும் அடையாள வில்லை. பின்பக்கத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு நாய் முகம்.

அந்த இடத்தில் அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கெட்டியாக விழுங்கினாள். நீங்களும் விழுங்குங்கள். இன்னும் நேரம் இருக்கிறது.

“என்னையே ஏமாத்தப் பார்த்தாயா?” என்று யானைக் காசைத் தட்டிவிட்டான் வேங்கையப்பன். அது உருண்டு அவள் காலடியிலேயே வந்து விழுந்தது. “நட்சத்திரம் எங்கே?”

பவளாயி அப்போதும் பொய் சொல்லவில்லை. மெய்யாகவே இந்தக் காசுதான் உசத்தி என்றாள். அவன் பல்லைக் காட்டினான். அந்த வில்லை உங்களுக்கு ஏற்றதில்லை அண்ணே என்றாள். கொடுக்க மனம் வரவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். அவள் உண்மையைச் சொல்லச் சொல்ல அவனுக்கு ஆசை ஏறிக்கொண்டே போனது. பொந்துக்குள் தலையை விட்டு மூலையில் தேடினான். வில்லை அகப்பட்டது. முகத்தில் பெருவிரலை அழுத்திப் பிடித்தபடி தூக்கிப் பார்த்தான். வெயில் பட்டு மின்னியது. அவன் கால் தரையில் பாவவில்லை.

“எங்க வழக்கம் ஒன்னு இருக்கு அண்ணே” என்றாள் பவளாயி. “எதை எடுத்தாலும் ஒரு தடவை திருப்பிப் பார்ப்போம். நீங்களும் திருப்பிப் பார்த்துட்டு எடுத்துக்கங்க.”

“பின்னால் பார்க்க என்ன இருக்கு? ஊர் என் நெஞ்சைப் பார்க்குமா, உள்ளே விலா எலும்பைப் பார்க்குமா? பேசாமல் கட்டிவிடு.”

வில்லை தொலைந்துபோய் நாடா மட்டும் மிஞ்சிய ஒரு பழைய பதக்கம் அவளிடம் இருந்தது. அந்தச் சிவப்பு நாடாவில் பித்தளை வில்லையைக் கோத்து அவன் கழுத்தில் கட்டினாள். நட்சத்திரம் வெளியே ஜொலித்தது. உள்ளே அந்த நாய், பூனையின் நெஞ்சு மயிரில் ஆசையாக முகத்தைப் புதைத்துக்கொண்டது.

பவளாயியால் தாங்க முடியவில்லை. ‘சளக்’ என்று குளத்தில் பாய்ந்து அடிக்குப் போய்விட்டாள். மேலே பெரிய பெரிய குமிழியாக வந்துகொண்டே இருந்தது. வேங்கையப்பன் அதைப் பார்த்துவிட்டு, பிரிகிற துக்கத்தில் அழுகிறாள் என்று முடிவு செய்துகொண்டு நடையைக் கட்டினான்.

மசியான் அன்று மாலைக்குள் எல்லாரிடமும் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டான். கூடவே ஓர் எச்சரிக்கையும் செய்தான். நாளைக்குப் பூனை பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் சிரிக்கக் கூடாது. முதலில் சிரிக்கிறவர் குரலில், அவருடைய சம்பந்தி வீட்டு வாசலில் போய்க் கண்டபடி பேசிவிட்டு வருவேன் என்றான். அதைவிடப் பெரிய மிரட்டல் அந்தக் காட்டில் கிடையாது.

மறுநாள் காலை படித்துறையில் கூட்டம் நெருக்கியது. வேங்கையப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். ஒரு பாறைமேல் தாவி ஏறினான். தாவிய வேகத்தில் வில்லை புரண்டுவிட்டது. நட்சத்திரம் உள்ளே போனது. நாக்கைத் தொங்கப்போட்ட நாய் வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தது.

அவன் மட்டும் பார்க்கவில்லை. பார்வை வானத்தில் இருந்தது.

பேச ஆரம்பித்தான். மலைமேல் பெரியப்பா அவனைக் கூப்பிட்டு அனுப்பினாராம். முந்தைய நாளே போய் வந்தானாம். ஒரே ஆளாக நின்று ஊர் நாய்களை ஓட ஓட விரட்டியதற்காகப் பெரியப்பா தன் கையாலேயே இதை மாட்டிவிட்டாராம். புலிக்குலத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பதக்கமாம். “நன்றாகப் பாருங்கள்” என்று மார்பைத் தட்டினான். நன்றாகவே பார்த்தார்கள்.

காட்டுப்பன்றி வாய் நிறையச் சேற்றை அள்ளி அடைத்துக்கொண்டது. மயில் தோகையை விரித்து அதற்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டது. கொக்குப் பெரியவர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் இன்னொரு காலையும் ஊன்றினார். பவளாயி யானைக் காசை விளிம்பில் பிடித்தபடி, அதன் மூன்று கால்களையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் தொலைந்தாள்.

கூட்டம் முழுக்க உடம்பு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பயத்தில் நடுங்குகிறார்கள் என்று அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் உத்தரவு போட ஆரம்பித்தான். காவல் இனித் தன்னுடையது. முதல் தண்ணீர் தனக்கு. இந்தப் படித்துறையில் இனி நாய் என்ற பெயருள்ள எதுவும் காலை வைக்கக் கூடாது. பவளாயியும் வேறு குளம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்போது பின்னாலிருந்து ‘டொக் டொக்’ என்று நகச் சத்தம் கேட்டது. ஊர்ப் பக்கத்திலிருந்து செவலை வந்துகொண்டிருந்தாள். கிழட்டு நாய். பாதிப் பல் இல்லை. யாரையும் கடித்து வருஷக் கணக்காகிறது. தினமும் இந்த நேரத்துக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள்.

இவளை மசியான் கூப்பிடவில்லை. அவன் குறும்பில் இது சேர்த்தியே இல்லை. கிளையில் உட்கார்ந்திருந்த அவனே வாயைப் பிளந்துவிட்டான்.

வேங்கையப்பன் முதுகை வில்லாக வளைத்தான். செவலை அதைக் கவனிக்கவில்லை. கிட்டே வந்து, கண்ணை இடுக்கி, அவன் கழுத்தில் தொங்கியதை உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் பாசம் பொங்கியது.

“அட, உனக்கும் ஆச்சா தம்பி? ரொம்ப வலிச்சுதா?”

“எது?”

“ஊசிதான். எனக்குப் பின்தொடையில குத்திட்டாங்க. ஒரு வாரம் நொண்டினேன்.”

சேற்றை வைத்து அடைத்த வாயிலிருந்து ‘முர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பன்றியை மிதித்தார்கள்.

“இது பதக்கம்” என்று சீறினான் வேங்கையப்பன். “புலி கொடுத்தது.”

செவலை யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள்.

“புலிக்குமா ஊசி போட்டாங்க? நல்லதுதான். வெறி பிடிச்சா யாரா இருந்தா என்ன?” என்றாள். “எங்க தெருவுல எல்லாருக்கும் இது ஒன்னு கொடுத்திருக்காங்க. இதோ பாரு.”

அவள் மோவாயைத் தூக்கிக் காட்டினாள். கழுத்துப் பட்டையில் ஒரு பித்தளை வில்லை. அதே நட்சத்திரம். அதே இலைக்கொடி. காற்றில் அது மெதுவாகச் சுழன்று திரும்பியது. நாக்கைத் தொங்கப்போட்ட நாய் வந்தது. இன்னொரு சுற்று. நட்சத்திரம். இன்னொரு சுற்று. நாய்.

வேங்கையப்பனின் பார்வை வானத்திலிருந்து இறங்கியது. செவலையைப் பார்த்தான். பன்றியின் வாயைப் பார்த்தான். நடுங்கும் மயில்தோகையைப் பார்த்தான். கடைசியில் பவளாயியைப் பார்த்தான்.

“நான் அப்பவே சொன்னேனே அண்ணே” என்றாள் பவளாயி, யானைக் காசிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒரு தடவை திருப்பிப் பாருங்கன்னு.”

அவன் கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தான். அவன் நெஞ்சிலிருந்து, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒரு நாய் அவனையே சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் மீசை ஒவ்வொரு மயிராகக் கீழே தொங்கியது.

இப்போது சிரிக்கலாம்.

காட்டுப்பன்றியின் வாயிலிருந்து சேறு பீச்சியடித்தது. கொக்குப் பெரியவர் தண்ணீரில் மல்லாந்தார். பவளாயி யானைக் காசை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தாள். என்ன ஏது என்று புரியாத செவலையும் எல்லாரோடும் சேர்ந்து பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

பளபளப்பை மட்டும் பார்த்து ஒன்றைப் பறித்துக்கொள்கிறவன், அதன் மறுபக்கத்தை நாலு பேர் நடுவில்தான் பார்க்க நேரும்.